ஊக்கமருந்துப் புகாரும் அதற்கு நான் எழுதிய பதிலும்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். பாளையங்கோட்டையில் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் என்னை முந்த ஆளில்லை என்ற நினைப்பு. அதில் மண்ணைப் போட்டவன், ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியவன். என்னைவிட நான்கு வயது சின்னவன்.

எதிர்காற்றில் எனக்கு மூச்சு வாங்கும். அவனோ கடைக்குப் போகிறவன் மாதிரி சாவகாசமாகத் தாண்டிப் போவான். காற்றாலை சுற்றுகிற ஊரில் ஓட்டிப் பழகியவனுக்கு இந்தக் காற்று எம்மாத்திரம் என்று நான் யோசிக்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அப்பா கண் ஆபரேஷனுக்காக அரசு மருத்துவமனையில் இருந்த வாரம், அவன் ஊசி போட்டுக்கொண்டு தோளைத் தேய்த்தபடி வெளியே வருவதை இரண்டு தடவை பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மாதாண்ணே, உடம்பு அலுப்பு" என்று மழுப்பினான். எனக்கு அது போதும். ஊக்கமருந்தை யாராவது அரசு மருத்துவமனை வரிசையில் நின்று போட்டுக்கொள்வார்களா என்று கேட்கும் புத்தி அன்று இல்லை. பெயர் போடாமல் நான்கு வரி எழுதி மாவட்ட சைக்கிள் சங்கத்துக்கு அனுப்பினேன்.

மாநில அணித் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சங்கத்தார் அவனைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஓட்டக்கூடாது, எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்கள்.

அந்த விளக்கத்தை எழுதித் தரச் சொல்லி அவன் வந்து நின்றது என் வீட்டு வாசலில்.

"எனக்கு இப்படி எழுத வராதுண்ணே. நீங்க படிச்சவுக. எவனோ பொய்யா எழுதிப் போட்டுட்டான்."

"என்ன ஊசிலே அது?"

"நாய்க்கடிக்குண்ணே. முக்கூடல் ரோட்டுல வெரட்டிக் கடிச்சிட்டு. தெரிஞ்சா அம்மா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவா. அதான் யார்ட்டயும் சொல்லல."

காலைத் தூக்கிக் காட்டினான். கெண்டைக்காலில் பல் பதிந்த தழும்பு இருந்தது.

மூன்று பக்கம் எழுதினேன், ஊசிச் சீட்டையும் சேர்த்து வைத்தேன். நான்தான் அந்த எவனோ என்று சொல்ல வாய்வரை வந்தது. தேர்வு ஞாபகம் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவன் படித்துவிட்டு, "நான் சொன்னத விட நல்லா வந்திருக்குண்ணே" என்றான்.

நான்கு வரியை ஒரே நாளில் நம்பிய சங்கத்தார், மூன்று பக்கத்தை நம்ப ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தபோது தேர்வு முடிந்திருந்தது. அவன் இடத்தில் அணிக்குப் போனவன் நான். போன இடத்தில் கடைசிக்கு முந்தி வந்தேன். புகார் அவன் வீடுவரை போய்விட்டதால் அவன் பயந்தபடியே அம்மா வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது காற்றாலையில் வேலை பார்க்கிறான், பந்தய சைக்கிளை விற்றுவிட்டான்.

பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். "அன்னைக்கு எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தருதாண்ணே" என்பான். என் பொறாமைக்குக் கிடைத்த தண்டனை, வருடம் தவறாமல் அந்த நன்றியை வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வதுதான்.