மூன்றை அழுத்தவும்

மற்றவர்களின் கடைக்கு இணையத்தில் ஒரு வாய் வைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த வாய் பேசத் தொடங்கிவிட்டால் கடைக்காரர் பேசத் தேவையில்லை என்று சொல்லித்தான் ஆள் பிடிக்கிறோம். கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு அறை, இரண்டு கணினி, நான், படம் வடிவமைக்கிற சுகன்யா. வாசலில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று பலகை தொங்குகிறது. என் மாமா இன்னமும் நான் போன் திருத்துவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

படத்திலேயே விலை போட்டிருக்க, அதன் கீழே வந்து 'விலை என்ன?' என்று கேட்பவனுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொல்லும் என் இனத்தவரே, உங்களுக்கு இதெல்லாம் விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். மல்லாவி மங்களக்கா என்னை நம்பின கதையைத்தான் சொல்லப்போகிறேன். இடையில் ஒரு அரிசிமில் முதலாளியும் வருவார்.

முகம் தெரியவேணும்

மங்களக்கா மல்லாவியில் சாறிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்பக்கம் தையல். அவருக்கு இணையத்தில் பக்கம் ஒன்று திறந்து முதல் வீடியோ எடுக்கப் போயிருந்தேன். சாறிகளை விரித்து, வெளிச்சம் பார்த்து, எல்லாம் ஒழுங்குபடுத்தி முடிய அக்கா நடுவில் வந்து நின்றுவிட்டார். ஒதுங்கச் சொன்னேன், ஒதுங்கவில்லை. பக்கத்தின் முகப்பில் கடைச் சின்னம் போடுவோம் என்றேன், தன் படத்தைத்தான் போடவேண்டும் என்றார். இவருக்கும் நடிகையாகிற ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் அது அடிக்கடி பார்க்கிறதுதான்.

பின்னால் மெசினில் இருந்த அவருடைய கணவர் செல்வராசா அண்ணன்தான் தேத்தண்ணி தந்து விசயத்தைச் சொன்னார். அண்ணனின் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. அக்காவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளையில் காணி எடுத்தவர்கள். இரண்டுபேரும் விரும்பிக் கட்டியபோது மாப்பிள்ளையின் காலைக் கழுவித் தோழனாக நிற்கவேண்டிய அக்காவின் ஒரே தம்பி ரவி, மலைநாட்டுக்காரனுக்கு அதைச் செய்யமாட்டேன் என்று சொல்லி, கலியாண வீட்டில் ஒரு வாய் சோறும் தின்னாமல் போய்விட்டான். பிறகு பிரான்சுக்குப் போய்விட்டான் என்று கேள்வி. நம்பரும் இல்லை, விலாசமும் இல்லை. "அவரு எங்கயாச்சும் போன்ல பாத்துட மாட்டாரான்னுதாங்க தம்பி இவ்வளவும்" என்றார் அண்ணன். நான் எழுந்து வந்து கமராவை அக்காவின் முகத்துக்கு நேரே திருப்பினேன். அவர் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சாறியை ஆரும் பாக்கட்டும் தம்பி, என்னை ஒருத்தன் பாத்தாக் காணும்."

மலை முளைத்த வயல்

அந்த நாட்களில்தான் செயற்கை நுண்ணறிவு படம் கீறுகிறது என்று எல்லாரும் அதில் விழுந்து கிடந்தோம். கண்டாவளை அரிசிமில் முதலாளி ஒருவர் விளம்பரப் படம் கேட்டார். வயலுக்குப் போய்ப் படமெடுக்கப் பஞ்சிப்பட்டு, கணினியிடமே கேட்டோம். அது நொடியில் தந்தது. நல்ல பச்சை வயல், பின்னால் பனிமலை, முன்னால் பெரிய தலைப்பாகை கட்டிய கமக்காரர் ஒருவர் கதிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு விரல் கூடுதலாக இருந்தது. அதைச் சுகன்யா அழித்துவிட்டாள், மலையை ஒருவரும் கவனிக்கவில்லை. முதலாளி கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார். எங்களை ஏசுவார் என்று பயந்துகொண்டிருக்க, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, இந்த வயல் எங்க கிடக்கெண்டு சொல்லும், வாற காலபோகம் அங்க போய் விதைக்கிறன்."

தழும்பு

அதிலும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. அடுத்த வீடியோவில் சுகன்யா மங்களக்காவுக்கு அழகுபடுத்தும் பில்டரைப் போட்டுவிட்டாள். தோல் மினுங்கியது, கண்ணுக்குக் கீழிருந்த கருமை போனது. நெற்றியில் இடப்பக்கம் இருந்த பழைய தழும்பும் போய்விட்டது. லைக் நன்றாக விழுந்தது. அக்கா சந்தோசப்படுவார் என்று நான் போன் எடுத்தேன்.

அவர் சந்தோசப்படவில்லை. சின்ன வயதில் ரவி அவரைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய், கண்டாவளை மதகடியில் விழுத்தின காயமாம் அது. அப்பா ரவியை அடிப்பார் என்று பயந்து, தானே கல் தடக்கி விழுந்ததாக அக்கா பொய் சொன்னாராம். வீடியோவை உடனே கழற்றச் சொன்னார். "வேற எதையும் அழியுங்கோ, நெத்தியில மட்டும் கை வைக்காதேங்கோ. அதைப் பாத்தாத்தான் அவனுக்கு அக்கா எண்டு தெரியும்."

மதுரையிலிருந்து வந்த அழைப்பு

காசு கட்டி விளம்பரத்தைப் பரப்புவதை நாங்கள் பூஸ்ட் என்போம். ஆருக்குப் போகவேண்டும் என்று கேட்கிற இடத்தில் 'தமிழ் தெரிந்தவர்கள்' என்று மட்டும் போட்டுவிட்டேன். விளம்பரம் நேரே தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. மதுரையிலிருந்து ஒரு அம்மா அக்காவை அழைத்து, மல்லாவி என்பது பேருந்து நிலையத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். அக்காவும் பொறுமையாகக் கடல் தாண்டி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் இரண்டுபேரும் பிள்ளைகுட்டிகளை விசாரித்து, பலகாரம் செய்கிற முறையும் கதைத்து முடித்தார்களாம்.

திருத்துவதற்குப் போன என்னிடம் அக்கா, விளம்பரத்தைப் பிரான்சுக்குப் போடச் சொன்னார். மல்லாவிக் கடைக்குப் பாரிசில் விளம்பரமா? வீண்செலவு, ஒரு சட்டைத்துணியும் விற்காது என்று வகுப்பே எடுத்தேன். அலுவலகம் வந்து அதையே சொல்லிச் சிரிக்க, வேலை செய்துகொண்டிருந்த சுகன்யா திரும்பிப் பார்த்தாள்: "அண்ணை, மல்லாவிச் சனத்துக்கு அவாவின்ர கடை தெரியும். தெரியவேண்டிய ஆள் எங்க இருக்கோ அங்கதானே விளம்பரம் போடவேணும்?"

மணி

போட்டோம். நான் சொன்னது பிழையாகப் போனது. பிரான்சில் இருக்கிறவர்கள் ஊரிலுள்ள சொந்தக்காரருக்குச் சாறி ஓடர் பண்ணத் தொடங்கினார்கள். கடையில் ஆள் நிற்க, போனில் கேள்வி குவிய, அக்காவால் சமாளிக்க முடியவில்லை. நான் புதிதாக வந்த தானியங்கிப் பதிலைப் பக்கத்தின் செய்திப்பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். வசனங்களை நானே எழுதினேன். நல்ல தமிழ். 'அன்பான வாடிக்கையாளரே, விலை அறிய ஒன்றை அழுத்தவும். தையல் விபரம் அறிய இரண்டை அழுத்தவும். உரிமையாளருடன் பேச மூன்றை அழுத்தவும்.' மூன்றை அழுத்தினால் அக்காவின் போனில் மணி அடிக்கும்.

அக்கா முதலில் கேட்டதே, ரவி வந்தால் எதை அழுத்துவான் என்றுதான். மூன்று என்றேன். மணி அடிக்கும்போதெல்லாம் அளவு நாடாவையும் எறிந்துவிட்டு ஓடிவருவார். வந்தவர்கள் எல்லாரும் வேலைவெட்டி இல்லாத ஆம்பிளைகள். 'ஹாய்' என்பார்கள், சாப்பிட்டாச்சா என்பார்கள், ரோசாப்பூ அனுப்புவார்கள். ஒருவர் கலியாணமே கேட்டிருந்தார். பெண்கள் நடத்துகிற பக்கம் என்றால் இந்தக் கூட்டம் எங்கிருந்துதான் வருகிறதோ தெரியாது. ஒருநாள் அக்கா போனைத் தூக்கி என் கையில் தந்துவிட்டார். மணியை நிறுத்தினாலும் மூன்றை அழுத்துகிறவர்கள் ஒரு தனிப்பெட்டியில் சேருவார்கள், நேரம் இருக்கும்போது நான் பார்க்கிறேன் என்றேன். நேரம் இருக்கும்போது என்று நாங்கள் சொன்னால் அது எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அக்கா சொன்னார்: "ஒவ்வொருக்காலும் அது அடிக்கேக்க நெஞ்சு பக்கெண்டுது தம்பி, ஓடிவந்து பாத்தா ஆரோ ஒரு விசரன். அந்த மணியை நிப்பாட்டிவிடும்."

நான் எழுதிய வசனங்கள்

பல மாதம் கழித்து, தானியங்கியைப் புதுப்பிக்க முன்னம் பழைய பெட்டியைத் துப்புரவாக்கத் திறந்தேன். ஹாய்களுக்கும் ரோசாப்பூக்களுக்கும் நடுவில் படம் இல்லாத ஒரு கணக்கு இருந்தது. 'அக்கா, நான் ரவி' என்று தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே என் வசனம், அன்பான வாடிக்கையாளரே. அவர் மூன்றை அழுத்தியிருந்தார். உரிமையாளர் மிக விரைவில் உங்களுடன் தொடர்புகொள்வார் என்று நான் எழுதி வைத்த பதில் போயிருந்தது.

சில நாள் விட்டு மறுபடி எழுதியிருந்தார். 'வீடியோ பாத்தனான் அக்கா. நெத்தியில அந்தத் தழும்பு அப்பிடியே இருக்கு.' விலை அறிய ஒன்றை அழுத்தவும். அவர் மூன்றை அழுத்தியிருந்தார். 'கோபம் எண்டாப் பரவாயில்லை. நான் தோழனா நிண்டிருக்க வேணும் எண்டு அத்தானுக்காவது சொல்லிவிடுங்கோ.' தையல் விபரம் அறிய இரண்டை அழுத்தவும். மறுபடி மூன்று. பிறகு வேறொன்றும் எழுதாமல் வெறும் மூன்று, அடுத்த கிழமை இன்னொரு மூன்று. அதற்குப் பிறகு தீபாவளிக்கு எல்லாருக்கும் ஒன்றாக நான் அனுப்பின விளம்பரம் அவருக்கும் போயிருந்தது. 'உங்களை நாங்கள் மறக்கவில்லை! பண்டிகை விலைக்கழிவுடன் காத்திருக்கிறோம்.' அதன் கீழே அவர் கடைசியாக எழுதியது: 'விளங்குது அக்கா. இனிக் கரைச்சல் தரமாட்டன்.' நான் பதில் எழுதிப் பார்த்தேன். கணக்கு மூடப்பட்டிருந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லாவிக்குப் போனேன். வழி முழுக்க அந்த வசனங்கள்தான் காதுக்குள் கேட்டன. எழுதும்போது எவ்வளவு பெருமைப்பட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி வாசித்தார். 'அத்தானுக்காவது' என்ற இடத்தில் நின்று, அதைச் சத்தமாக வாசித்தார். பின்னால் தையல் மெசின் நின்றது. செல்வராசா அண்ணன் வந்து அக்கா இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு மெசின் பேசுகிறது என்று தெரிந்திருக்காது அக்கா, என்று ஏதோ உளறினேன். அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மெசின் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி. மெசினைக் கதைக்க விட்டுட்டு அக்கா பேசாம இருக்கிறா எண்டெல்லோ நினைச்சிருப்பான்."

ரவியோ?

என்ன இருந்தாலும் தொழில்புத்தி போகாது. அடுத்த கிழமை அக்காவிடம் போய், கமராவுக்கு முன்னால் இருந்து ரவியைக் கூப்பிட்டு ஒரு வீடியோ போடுவோம், கண்ணீர் வந்தால் உலகம் முழுக்கப் பரவும் என்றேன். இப்போது அதுதான் ஓடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும். சொல்லி முடிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா மறுத்துவிட்டார். தம்பியை ஊர் முழுக்க ஏசுவதற்கு நானே மேடை போட்டுக் கொடுக்கமாட்டேன் என்றார். ஒன்றையும் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னார், மணியைத் திரும்பப் போடச் சொன்னார். முதல் வசனத்தைத் தானே சொன்னார், நான் அப்படியே அடித்தேன். 'ரவியோ? இது அக்கா. அண்டைக்குக் கதைச்சது நான் இல்லை. கொஞ்சம் பொறு, ஓடிவாறன். மற்ற ஆக்களும் பொறுங்கோ, விலை சொல்லுறன்.'

இதைவிட மோசமான வரவேற்பு வசனம் எங்கள் தொழிலில் இருக்க முடியாது. சட்டைத்துணி கேட்டு வருகிற எல்லாரையும் அது முதலில் ரவியோ என்றுதான் கேட்கிறது. ஓடர் குறையும் என்று நான் எச்சரித்தேன், குறைந்தது. அக்கா கவலைப்படவில்லை. மணி அடிக்கிறது, ஓடிவருகிறார், இல்லை என்று தெரிந்ததும் மூச்சுவிட்டு விலை சொல்கிறார். விசரன்மாருக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறார். போன கிழமை நான் அங்கே நின்றபோதும் மணி அடித்தது. அக்கா வந்து போனைப் பார்த்துவிட்டு, வாசிக்கும்படி என்னிடம் நீட்டினார். எப்போதும் சட்டை தைக்கக் கொடுக்கிற ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: "நான் ரவி இல்லை அக்கா, பூவரசங்குளத்துச் சசிகலா. சட்டையைப் பிறகு தைப்பம், ரவி வந்திட்டாரோ?"

ஒரு நொடிக்குள் பதில் போகவைப்பது எங்கள் தொழில். பதில் சொல்லவேண்டிய ஆளை அங்கே நிற்கவைப்பது எங்கள் கட்டணத்தில் அடங்காது.