கொட்டிய ஐந்து மில்லிகிராம்

1. திறப்பு என் இடுப்பில்

பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் போன் எடுத்தார். "சேர், ஒருக்கா வந்துட்டுப் போங்க. மோர்பினில ஒரு சிக்கல்."

வாவிக்கரையில் உள்ள அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளர். மோர்பின், பெத்திடின் என்ற கடும் வலிமருந்துகளை வைத்திருக்கும் இரட்டைப் பூட்டு அலுமாரியின் திறப்பு எப்போதும் என் இடுப்பில்தான் கிடக்கும். வெளியே ஐஸ் போதைப்பொருள் பைக்கற்றோடு பிடிபடுகிறவனைக் கோர்ட்டுக் கூட்டில் ஏற்றுகிற அபாயகர ஔடதங்கள் சட்டம்தான் எங்கள் அலுமாரிக்கும் பூட்டுப் போட்டது. ஊசிமருந்து இருந்த வெற்று அம்பியூல் குப்பி திரும்பி வராமல் புதியது ஒன்று கொடுக்க மாட்டேன். இதனால் வார்டுகளில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் அம்பியூலில் பதினைந்து மில்லிகிராம். டொக்டர் பத்து எழுதினால் மிச்சம் ஐந்தை இன்னொருவரின் கண் முன்னால் தொட்டியில் கொட்டி, இருவரும் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கொட்டியதாகச் சொல்லி வெளியே கொண்டுபோகாமல் இருக்கத்தான் அந்த இரண்டாவது கையெழுத்து.

2. "நான் தனியக் கொட்டினன்"

வார்டில் தாதி ரிஸ்னா மிஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டமாவடிப் பிள்ளை. வேலைக்கு வந்து எட்டு மாதம், நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு மீனவருக்கு எலும்பில் புற்றுநோய். அவர் வலியில் கட்டிலைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். இவள் ஓடிப்போய்ப் பத்தை ஏற்றிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. அவர் அடங்கித் தூங்கிய பிறகுதான் இவளுக்கு விதி நினைவு வந்திருக்கிறது.

சிஸ்டர் பேனையை எடுத்தார். "இதுக்கு ஏன் கா இப்பிடி நடுங்கிறாய்? நான் பார்த்தன் எண்டு கையெழுத்து வைக்கிறன். முடிஞ்சிது."

நானும் தலையாட்டினேன். "ஓம், வைங்க சிஸ்டர். அஞ்சு மில்லிகிராமுக்கு ஊரைக் கூட்ட ஏலுமா?"

"வேணாம் சிஸ்டர்," என்றாள் ரிஸ்னா. "நீங்க பார்க்கல்லயே. நான் தனியத்தானே கொட்டினன்."

"உனக்கு வேலை பெர்மனன்ட் ஆகல்ல. தெரியுந்தானே?"

"தெரியும் சிஸ்டர்."

சாட்சியின் கையெழுத்துக்கான இடத்தில் அவளே எழுதினாள்: 'சாட்சி இல்லை. தனியாகக் கொட்டினேன். தவறு என்னுடையது.' எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதிய பிறகு நான் மேலே அறிவிக்காமல் இருக்க முடியாது. வேலை மினக்கெட்டு இந்தப் பிள்ளை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறதே என்று திட்டிக்கொண்டுதான் கடிதம் எழுதினேன்.

3. விசாரணை

இரண்டு கிழமைக்குள் கதை வேறு மாதிரிப் போய்விட்டது. ஊரெல்லாம் போதைப்பொருள் பேச்சாக இருந்த நேரம். "அந்த அஞ்சையும் கொட்டினாளா, வித்தாளா?" என்று கன்ரீனில் பேசினார்கள். ரிஸ்னா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியே போய் இருக்கத் தொடங்கினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று டொக்டர்மார் இருந்தார்கள். தலைவர் என்னைக் கேட்டார். "கிழமைக்குக் கிழமை நீங்கதானே இந்தப் புத்தகத்தைச் செக் பண்ணுறது? சாட்சி இல்லாத பக்கம் இது ஒண்டுதானா?"

"ஓம் சேர்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். என் பென்சனுக்கும் ஒரு பங்கம் வந்திராது. ஆனால் விசாரணைக்கு முதல் நாள் இரவு அந்தப் புத்தகத்தின் பழைய பக்கங்கள் என்னைத் தூங்க விடவில்லை. வார்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். காலையில் கொட்டுவார்கள், வேலை முடியும்போது ஒரே இருப்பில் எல்லாவற்றுக்கும் சாட்சி வைப்பார்கள். கையெழுத்து இடம் நிரம்பியிருந்தால் நான் சரி போட்டுவிட்டுப் போவேன்.

"சேர், முன்னுக்குப் புரட்டிப் பாருங்க," என்றேன். "சிஸ்டர் கதிர்காமம் போய் லீவில நிண்ட நாளிலயும் அவட கையெழுத்து இரிக்கு. அதுக்குக் கீழ என்ட சரியும் இரிக்கு. இந்தப் புத்தகத்தில நான் நம்பக்கூடிய பக்கம் இந்தப் பிள்ளை எழுதினது ஒண்டுதான்."

அவர் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். ரிஸ்னா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிஸ்டருக்கும் எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரிஸ்னாவுக்கும் ஒன்று. ஆனால் அவளுடைய வேலை நிரந்தரமானது. சிஸ்டர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அதன்பிறகு மிச்சம் கொட்டும்போதெல்லாம் தொட்டியடியில் இரண்டு பேர் நின்றார்கள். அவசர நேரத்தில் முணுமுணுத்தார்கள்தான், நின்றார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கண்ணால் பார்த்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள். பிழை விட்டால் விட்ட பிழையை எழுதுங்கள். இருபத்தேழு வருடம் அந்தச் சட்டத்தின் திறப்பை நான் வைத்திருந்தேன். சட்டத்துக்கு உண்மையாக இருக்கிற ஆளை அந்தப் பின்னேரம்தான் முதன்முதலாகக் கண்டேன், கண்டதும் அவளைத் திட்டினேன்.