வளர்ற புள்ளைக்குத் தைத்த சட்டை

ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவை மனப்பாடமாகச் சொல்லும் தையல்காரருக்கு, ஒன்றரைக் கிலோ பூனைக்குட்டியின் இடுப்பு மட்டும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லுடி தாயே" என்று கெஞ்சினார். பொடி என்கிற அந்தக் குட்டியோ, அளவு நாடாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள்தான் அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன். முடி சிரைத்த வயிற்றில் ஐந்து தையல். "பத்து நாளைக்குக் குதிக்கக் கூடாது. காயத்தை நக்கவே கூடாது, நக்கினா பிரிஞ்சிடும்" என்று சொல்லி, மிருக டாக்டரம்மா கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பினார். கூம்போடு பொடி பின்பக்கமாகவே நடந்து, வீட்டில் இருக்கிற சுவரையெல்லாம் முட்டி முடித்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. அதனால்தான் கூம்புக்குப் பதில் சட்டை.

வீட்டில் இன்னும் மூன்று பூனைகள். அதில் ரவுடி என்கிற கடுவன் பூனை, கன்றுக்குட்டிக்கு அண்ணன் மாதிரி இருப்பான். நேற்றுவரை பொடியைக் கட்டிக்கொண்டு தூங்கியவன், ஆஸ்பத்திரி வாடை அடித்ததும் பரம எதிரியைப் பார்த்தது போலச் சீறினான். அவன் ஒரு போடு போட்டால் ஐந்து தையலும் போச்சு. ஆகவே துணி வெட்டும் அறையில் பொடிக்குத் தனிக்குடித்தனம்.

தன் பழைய பனியனை வெட்டி, கால்களுக்கு நாலு ஓட்டை போட்டு, முதுகில் மூன்று பட்டன் வைத்துத் தைத்தார். மனைவி அதைப் பொடிக்குப் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, வயித்துகிட்ட இவ்ளோ தொளதொளன்னு இருக்கு?"

"வளர்ற புள்ளைடி. ரெண்டு விரல் கூட விட்டுத்தான் தைக்கணும்."

"பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப் போறீங்க? பத்து நாள் சட்டைங்க!"

இருபத்திரண்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்த கை. அவர் வேண்டாமென்றாலும் அது ரெண்டு விரல் விட்டுவிடும்.

மூன்றாம் நாள் மதியம், மிஷின் நின்ற நொடியில் அறைக்குள்ளிருந்து 'சளப் சளப்' என்று சத்தம். கதவைத் திறந்தார். பொடி பின்னங்காலை வெளியே உருவிவிட்டு, தொளதொள இடத்துக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள். காயம் ஈரமாய், சிவப்பாய் இருந்தது. எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி எண்ணினார். நாலுதான்.

"ஐயோ, ஒண்ணு காணோம்! இங்க வாயேன்!"

கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறவருக்கு அன்று பூனைக்கூடையின் கொக்கியே மாட்ட வரவில்லை. மனைவிதான் மாட்டினாள். வழியெல்லாம் கூடைக்குள் எட்டி எட்டிப் பார்த்து, இரண்டு கம்பத்தில் மோதிக்கொண்டார்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். இவருக்கு அது ஒரு யுகம்.

"அஞ்சும் இருக்கு. ஒண்ணு பொருக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கு. தோல்தான் செவந்திருக்கு, மருந்து தர்றேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிரிச்சிருப்பா." பிறகு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். "ஆமா, இதை யார் தைச்சது?"

தையல்காரர் சட்டென்று மனைவியைக் காட்டினார். "இவதான்."

மனைவி அவர் முழங்கையில் கிள்ளிய கிள்ளு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"உடம்போட ஒட்டினாப்ல இருக்கணும்மா. மூச்சு முட்டக் கூடாது, கால் வெளிய வரக் கூடாது" என்று டாக்டரம்மா அவளுக்கே பாடம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் உட்கார்ந்து, அரை விரல்கூட விடாமல் புதுச்சட்டை தைத்தார். ஆனாலும் நிம்மதி இல்லை. நாலு தையல் போட்டால் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். அந்த நினைப்பிலேயே ஒரு வாடிக்கையாளர் சட்டைக்கு நாலு கை ஓட்டை வெட்டிவிட்டார். மனைவியோ, வாடை பழகட்டும் என்று ரவுடியின் போர்வையைப் பொடியிடமும், பொடியின் துணியை ரவுடியிடமும் மாற்றி மாற்றிப் போட்டாள். ஏழாம் நாள் ரவுடி சீறவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் டாக்டரம்மா பொடியை மேஜைமேல் நிறுத்திச் சட்டையைக் கழற்றப் பார்த்தார். பட்டன் அசையவில்லை. ஓடாமல் குதிக்காமல் தின்றே பொடி உருண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் தையல்காரர். கடைசியில் பட்டன் தெறித்தது. உள்ளே ஐந்து தையலும் அப்படியே, காயம் மெல்லிய கோடாக, காய்ந்து சுத்தமாக.

பத்து நாள் அடக்கிய மூச்சு சத்தமாக வெளியே வந்தது. "பாத்தீங்களா டாக்டரம்மா? வளர்ற புள்ளை, ரெண்டு விரல் விடணும்னு நான் அப்பவே சொன்னேன்!"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அந்தத் தொளதொள சட்டையைத் தைச்சது இவங்க இல்லையா?"