செவ்வாய்க்கிழமை வந்த தவணை

சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் மூன்று பிடி மண் போட்டு அடக்கிய மனிதரின் தவணைக் காசு, செவ்வாய்க்கிழமை காலை வந்திருந்தது.

இணையத்தில் கடன் கொடுக்கும் ஒரு கம்பனிக்காக, கல்முனையில் என் வீட்டிலிருந்தே கணக்கு ஒப்பிடுகிறேன். வங்கிக்கு வந்த காசு ஒரு பட்டியல், கடனாளிகளின் தவணைகள் இன்னொன்று. பொருந்தியவற்றை மென்பொருளே வரவு வைத்துவிடும். பொருந்தாதவை என்னிடம் வரும்.

இந்தக் காசில் கடன் இலக்கத்துக்குப் பதிலாக அடையாள அட்டை இலக்கம் இருந்தது. எங்கள் ஊரில் எந்தக் கவுண்டரிலும் முதலில் கேட்பது அதைத்தான். காசு போடும் இயந்திரத்திலும் அதையே அடித்துவிடுகிறார்கள். தேடினேன். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர், ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்றவர். கடைசித் தவணை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய தம்பி எழுந்து, "காக்கா ஆருக்காவது கடன்பட்டிருந்தா என்னட்டக் கேளுங்க" என்று சொல்லியிருந்தார். கடன் தீராதவரை ரூஹுக்கு, அந்த ஆன்மாவுக்கு, நிம்மதியில்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். பள்ளிவாசலில் எழுந்து கேட்க என் கம்பனிக்கு ஆளில்லை. திங்கள் முதல் அதன் தானியங்கி அழைப்பு மௌத்தானவரின் தொலைபேசிக்கே போய்க்கொண்டிருந்தது.

மடிக்கணினியோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தம்பி பிடித்துக்கொண்டார்.

"கபுறுக் குழிக்குள்ளயும் உங்கட கொம்பனிக்கு சிக்னல் இரிக்கா நானா?"

"நீங்க காசு கட்டினீங்களா?"

"இல்ல. எவ்வளவெண்டே தெரியா."

விபரக் கோப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிந்திய நேரம், பஸ் நிலையத்தடி இயந்திரம். அவர் உயிரோடிருந்தபோதே விழுந்த காசு. இயந்திரத்தில் போட்ட காசு அடுத்த வேலைநாளில்தான் எங்கள் கணக்குக்கு வரும். சனி, ஞாயிறு வங்கி இல்லை; திங்கள் போயா விடுமுறை. ஆகவே செவ்வாய். கணவனை இழந்து திரைக்குப் பின்னால் இத்தாவிலிருந்த அவர் மனைவிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே விளக்கினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையா? வியாழன்ல இருந்து காய்ச்சலோட இஞ்சதானே கிடந்தார். ஜும்ஆத் தொழுகைக்கும் எழும்பல்ல. பக்கத்துல நான்தான் இருந்தன்."

"மெசின்ட நேரம் பிழைச்சிரிக்கும், மதினி" என்றார் தம்பி.

அதற்கு முன்னும் பின்னும் அதே இயந்திரத்தில் விழுந்த காசுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் திகதியும் நேரமும் சரியாகவே இருந்தன.

"வேற ஆரும் கட்டியிருப்பாங்களா?" தம்பியின் குரல் தாழ்ந்திருந்தது. "காக்காட அடையாள கார்ட் நம்பர் எனக்கே தெரியாதே."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதெல்லாம் கிடக்கட்டும். கடன் முடிஞ்சிட்டா, இல்லையா? அதச் சொல்லுங்க."

காசு வந்திருந்தது. இலக்கம் அவருடையது. தொகை சதம் பிசகாமல் பொருந்தியது. வரவு வைத்தேன்.

"ஓம். முடிஞ்சிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஒப்பீட்டுத் தாளில் வெள்ளி, செவ்வாய் இரண்டு திகதிகளையும் எழுதினேன். கையால் பொருத்தும் காசுக்குக் கட்டியவரின் பெயரும் எழுத வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். தலைமைக் காரியாலயத்திலிருந்து இன்றுவரை யாரும் கேட்கவில்லை.