வெண்டெலினின் தலை

பிராத்திஸ்லாவாவில், பல்கலைக்கழகக் கணினி வரைகலைத் துறையில் மின்பணியாளர் வெண்டெலின். அவருக்கு இருப்பது ஒரே தலைதான். ஆனால் அது உலகமெல்லாம் சுற்றுகிறது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தபோது மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். அதை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று துறைப் பேராசிரியர் ப்ரோகோப் கேட்டார். பிளம் சாராயம் இரண்டு மிடறு உள்ளே போயிருந்த நேரம். மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஸ்கேனில் வந்த அடுக்கடுக்கான குறுக்குவெட்டுப் படங்களை முழு உருவமாக்கி, எது கண்ணாடிபோல் மறைய வேண்டும், எது தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லித்தருவதுதான் அந்தத் துறையில் பிழைப்பு. ஒருவர் தோலை மறைப்பார், இன்னொருவர் எலும்பை அறுப்பார். வெண்டெலினின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த உலோகம் படமெங்கும் கீற்றுக் கீற்றாகக் கோடிழுத்தது. அந்தக் கோடுகளை நீக்கியே நாலு பேர் முனைவரானார்கள். பல்லைப் பிடுங்கி எட்டு வருடமாகிறது. படத்தில் மட்டும் அது விழுந்தபாடில்லை.

பல்பு மாற்றப் போகும் அறையிலெல்லாம் சுவரில் தோலுரித்த தன் முகம். வெளிநாட்டு மாணவன் ஒருவன், "உங்க பல்லால எனக்கு மூணு வருஷம் போச்சு" என்று கை குலுக்கினான். வெண்டெலினும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது.

இந்த வசந்தத்தில், பழைய கையெழுத்து செல்லாது, புதிதாக வேண்டும் என்று விதி வந்தது. தப்பித்தோம் என்று வெண்டெலின் ப்ரோகோப்பிடம் ஓடிப்போய், இனி தரமாட்டேன் என்றார். ப்ரோகோப் கோபப்படவில்லை. எல்லோரும் ஒரே தலையில் செய்து பார்த்தால்தானே புதிய முறை பழையதைவிட மேலா என்று தெரியும் என்றார்.

"சரி, வேற தலை ஒண்ணு காட்டுங்க. உங்களை விட்டுடறேன்."

அதே துறையில் ஆராய்ச்சி செய்யும் மகள் டாரினா பக்கத்து மேசையிலிருந்து திரும்பினாள்.

"என்னோடது இருக்கேப்பா. போன குளிர்ல பனிச்சறுக்குல விழுந்தப்ப எடுத்தது. அதைப் போட்டுக்கட்டும்."

அவர் பேச வாயெடுப்பதற்குள் திரையில் அவள் முகம் வந்துவிட்டது. அவளே சுட்டியை நகர்த்தினாள். இமைகள் கரைந்தன, உதடு போயிற்று, பல்வரிசை வெளியே வந்தது.

"வெறும் நம்பர்தானேப்பா" என்றாள்.

வெண்டெலின் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூடும்மா அதை" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"எத்தனை வருஷத்துக்கு?"

ப்ரோகோப் தாளைத் திருப்பிப் பார்த்தார். "வருஷம்னு எதுவும் போடலையே."

வெண்டெலின் கையெழுத்துப் போட்டார்.