டெட் ஹீட் என்றாள் நாகஜோதி

சித்தையன்கோட்டைப் பக்கம் குதிரைவண்டிப் பந்தயம் என்றால், குதிரைகளுக்கு முன்னால் நாகஜோதியின் குரல் வந்துவிடும். "ஓரமா நில்லுங்கப்பா, ரோட்டுக்குள்ள கால வைக்காதீங்க, வண்டி வருது வண்டி வருது!" என்று நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அவள் கத்தும்போது, தென்னந்தோப்பில் காய் பொறுக்குகிறவர்கள்கூடப் போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஓடி வருவார்கள்.

நாற்பத்திரண்டு வயது. கணவர் பழனிக்குமாரோடு சேர்ந்து மைக்செட் வாடகைக்கு விடுகிறவள். ஆறு வருடம் முன்பு வரை ஸ்பீக்கர் கட்டுவதும் ஒயரைச் சுற்றி வண்டியில் ஏற்றுவதும்தான் அவள் வேலை. ஒரு பந்தயத்தன்று, மைக்கில் பேச வந்தவர் முதல் சுற்றிலேயே கத்தித் தீர்த்துவிட, இரண்டாம் சுற்றில் அவர் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. நாகஜோதி போய் மைக்கை வாங்கிக்கொண்டாள். எந்தத் தைரியத்தில் வாங்கினாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. பந்தயம் முடிந்தபோது விழாக் குழுத் தலைவர் நல்லுசாமி, "அடுத்த வருசமும் நீயே பேசிரு தாயி" என்றார்.

அதன்பிறகு அவளுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக் குதிரைப் பந்தயங்களைப் போனில் போட்டுக் கேட்பாள். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் கடைசி அரை நிமிடம் வர்ணனை சொல்கிற ஆள் மூச்சு விடாமல் பேசுகிறானே, அதில் சொக்கிப்போவாள். திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு அர்த்தம் தேடிப் பார்த்து, நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். 'நெக்' என்பது கழுத்தளவு, 'நோஸ்' என்பது மூக்களவு. "மூக்களவுல முந்திருச்சய்யா!" என்று அவள் சொன்னால் கூட்டம் எகிறிக் குதிக்கும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'டெட் ஹீட்'.

"ஏங்க, டெட் ஹீட்டுன்னா என்னான்னு தெரியுமா?"

"என்னது, செத்துப்போன சூடா?" என்றார் பழனிக்குமார்.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல அதே குதிரைகள ரெண்டு மூணு தடவ ஓட விடுவாய்ங்களாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேரு ஹீட்டு. ரெண்டு குதிரை ஒண்ணாக் கோட்டத் தொட்டுட்டா அந்த ஓட்டம் செல்லாது, செத்த ஓட்டம். அதான் டெட் ஹீட்டு. இப்பல்லாம் மறுபடி ஓட விடுறதில்ல. ரெண்டு பேருக்கும் சேத்துப் பரிசு."

"நம்மூர்ல எங்க அப்படி வரப்போகுது" என்றார் அவர்.

போன தை மாதம் அதுவும் வந்தது.

பெரிய குதிரைப் போட்டி. பதினோரு வண்டிகள் போய், எல்லைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பின. கடைசி அரை மைலில் இரண்டே வண்டிகள்தான். ஒன்று திண்டுக்கல்லில் தோல் கடை வைத்திருக்கும் அப்பாஸின் செவலை. இன்னொன்று தாடிக்கொம்புப் பூ விவசாயி தங்கமுத்துவின் வெள்ளை. இருவருமே தங்கள் வண்டியைத் தாங்களே ஓட்டினார்கள். நாகஜோதி முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், மைக்செட் வேனின் கூரைமேல் நின்றாள்.

"செவலை முன்னால! வெள்ளை விடல, விடல, ஒட்டிருச்சு! பாய் எந்திரிச்சு நிக்குறாரு! தங்கமுத்தண்ணே கயித்த லூசு விட்டுட்டாரு! செவலை! வெள்ளை! செவலை! வெள்ளை... அய்யய்யோ!"

சுண்ணாம்புக் கோட்டை இரண்டும் தாண்டின. கொடி பிடித்திருந்தவர் எந்தப் பக்கம் கொடியைக் காட்டுவதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார். அவ்வளவுதான். திண்டுக்கல்காரர்கள் ஒரு பக்கம், தாடிக்கொம்புக்காரர்கள் ஒரு பக்கம், சட்டையைப் பிடிக்காத குறை.

நாகஜோதி வேனிலிருந்து குதித்தாள். கோட்டுக்கு நேராகப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன் முகேஷ்குமாரின் போனை வாங்கி, வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். இரண்டு மூக்குகளும் ஒரே நொடியில் கோட்டின்மேல். நூல் பிடித்தது மாதிரி. நல்லுசாமியிடம் காட்டிவிட்டு மறுபடி கூரைமேல் ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க! டெட்! டெட் ஹீட்டு!"

கூட்டத்தின் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. தங்கமுத்துவின் மனைவி ஜக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எங்க வெள்ளை போச்சே!" சண்டைக்கு நின்ற இரண்டு கட்சிகளும் முறைப்பை விட்டுவிட்டுக் குதிரைகளை நோக்கி ஓடின. அங்கே வெள்ளை வாளிக்குள் தலையை விட்டுச் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் செவலை, தன் முறைக்காகக் காத்திருந்தது.

"குதிரை சாகலக்கா! ஓட்டந்தான் செத்துச்சு!" என்று நாகஜோதி மைக்கில் அலறினாள். "ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. ஒரு மயிரிழை முன்னப்பின்ன இல்ல. அதுக்குப் பேருதான் டெட் ஹீட்டு!"

முதலில் சிரித்தது ஜக்கம்மாள்தான். கண்ணீரோடு சிரித்தாள். பிறகு ரோடே சிரித்தது.

ஆனாலும் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "அப்ப மறுபடி ஓட விடுங்க!" பலரும் கைதட்டினார்கள். அப்பாஸ் தன் செவலையின் விலாவில் கை வைத்தார். அது இன்னும் துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஓட்ட மாட்டேன்" என்றார். "அண்ணே, நீங்க?"

"எங்கிட்டு பாய் ஓட்டுறது? பாவம், வாயில்லாத சீவன்" என்றார் தங்கமுத்து.

இருந்தது ஒரே முதல் பரிசுக் கோப்பை. இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். கோப்பை முதல் ஆறு மாதம் தாடிக்கொம்பில் இருக்கட்டும் என்று அப்பாஸே விட்டுக்கொடுத்தார்.

அந்தச் சொல் பிறகு ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. ஆத்தூரில் இரண்டு மினி பஸ்கள் ஒன்றாக வந்து நின்றால், "டெட்டீட்டுப்பா!" என்கிறார்கள். டீக்கடையில் வடை போடுகிறவர், "ரெண்டு வடையும் டெட்டீட்டா வெந்திருக்கு" என்றபோது மட்டும் நாகஜோதி விடவில்லை. "அப்படிச் சொல்லக்கூடாதுண்ணே. வடைக்கும் வடைக்கும் என்ன போட்டி? முந்தணும்னு ரெண்டு பேரும் உசுரக் குடுத்து ஓடணும். அப்பவும் ஒண்ணா வரணும். அதுக்குத்தான் அந்தப் பேரு" என்றாள். வடைக்காரர் தலையாட்டினார்.

மாசியில் கொடைரோட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வண்டி, அவள் இதுவரை பேசிய எந்தப் பந்தயத்தையும்விடப் பெரிய கூட்டம். "வாரேன்" என்ற ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டாள். பந்தயத்தன்று காலை வேனின் கூரைமேல் நின்று, சேலையை இழுத்துச் செருகி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள். தூரத்தில் கொடி இறங்கியது.

"கிளம்பிருச்சய்யா!"