மெத்திலுக்குப் பயந்து நிறுத்திய கீரை

என் கணவரின் தொடை எலும்பில் வந்தது அரிதான புற்றுநோய், குருத்தெலும்புச் செல்களில் தொடங்குவது என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் நுரையீரலில் சிறு புள்ளிகள் தெரிந்தன. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ரத்தம் சரியாக இருந்தால் இவரையும் அதில் சேர்க்கலாம் என்றார்கள். எங்களுக்கு மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான்.

அங்கே மருத்துவர் தாளில் வரைந்து விளக்கினார். கட்டியின் செல்லில் ஒரு நொதி தடம் மாறிவிட்டது. அதனால் மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கின்றன. செல்லை முதிரச் செய்யும் மரபணுக்கள் வேலை செய்ய முடியாமல் மூடிக்கொள்கின்றன. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். நான் விலங்கியல் முதுகலை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் போனில் தேடினேன். வேப்பூர் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன்: உடம்புக்கு மெத்தில் கிடைக்க ஃபோலேட் வேண்டும். ஃபோலேட் எனக்குப் பழக்கம்தான், மகள் வயிற்றில் இருந்தபோது மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன். கீரையில் நிறைய இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியல் செய்பவள் நான். இத்தனை நாளும் எதிரிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாளே கீரையை நிறுத்தினேன். பிறகு பயறு, முட்டை, பீட்ரூட். கடைசியில் மிஞ்சியது ரசமும் உருளைக்கிழங்கும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தப்பென்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

இவரோடு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். வாரம் தவறாமல் ஒரு கட்டு கொண்டுவந்து நீட்டுவார்.

"இந்தாங்க அண்ணி, முருங்கக்கீர. எலும்புக்கு இதவுட ஒண்ணும் கெடையாது."

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்."

"போன வாரத்துது ஆக்குனீங்களா?"

"ஆக்கினேண்ணே. நல்லா இருந்துது."

அவர் தெரு திரும்பியதும் கட்டு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும். எந்த மருந்துச் சோதனையிலும் அந்த ஆட்டுக்கு இடம் கிடைத்திருக்கும், அப்படி ஒரு மினுமினுப்பு.

நாலு வயது மகளுக்கு மட்டும் தனியாகக் கீரை கடைந்தேன். அவள் மிச்சம் வைப்பதை இவர் வழித்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு. அதனால் நானே முந்திக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் வீட்டில் எடை கூடியது எனக்கு மட்டும்தான்.

மாத்திரைச் சோதனையில் சேர்ப்பதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் இவருக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. மூன்று வாரம் தருகிறோம், அப்போதும் இப்படியே இருந்தால் சேர்க்க முடியாது என்றார் மருத்துவர்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"ரசம் சார், உருளக்கெழங்கு," என்றார் இவர். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

அந்த 'நல்லாத்தான்' வந்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆடு வரைக்கும் சொல்லிவிட்டேன். மருத்துவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த நொதிக்கு உங்க அடுப்பங்கரை இருக்கிறதே தெரியாதும்மா. கீரையை நிறுத்துறதால கட்டியில ஒண்ணும் குறையாது. இவருக்குத்தான் குறையும். ரத்தம் குறைஞ்சதுக்கு நோயும் காரணமா இருக்கலாம், உங்க ரசமும் காரணமா இருக்கலாம். எல்லாத்தையும் போடுங்க."

இத்தனை நாளும் அந்த நோயோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் அடித்ததெல்லாம் இவர் மேல் விழுந்திருக்கிறது.

திரும்பும்போது பஸ் திண்டிவனம் தாண்டியதும் இவர் சொன்னார்.

"ரெண்டு மாசமா ரசம். என்னப் பாத்துப் பாத்து உனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லங்க?"

"நீ டாக்டரக் கேட்டியா?"

ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். இவரே, "அந்த ஆடு எவ்ளோ கீர தின்னுருக்கும்?" என்றார். சொன்னேன். "குடுத்து வச்சது," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரம் இவர் தட்டில் சோறே தெரியவில்லை. கீரை, பயறு, முட்டை, மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை. அளவுக்கு மீறிப் போடுகிறேனோ என்று ஒருநாள் குறைப்பேன், குற்ற உணர்வில் மறுநாள் இரட்டிப்பாக்குவேன். "ஏம்மா, நான் மனுசன்தான்," என்று ஒருமுறை தட்டை நகர்த்தினார்.

இரண்டாவது பரிசோதனையில் ஹீமோகுளோபின் தேவையான அளவைத் தொட்டிருந்தது. தாண்டவில்லை, தொட்டிருந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

மாத்திரை கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாது, இரண்டு மாதம் கழித்து ஸ்கேனில் பார்ப்போம் என்றார் மருத்துவர். அதுவரை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா."

இதுவரை எழுதித் தந்ததிலேயே கஷ்டமான மருந்து அதுதான். நர்ஸ் நீட்டிய மாத்திரையை இவர் விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.